நீங்க கேப்

ஆமாங்குளத்துக்காரர்களை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அவர்கள் கோபப்படுவதில்லை. "ஆமா" என்று ஒத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் சொன்ன எனக்குத்தான் வெட்கமாக இருக்கும். யார் எதைச் சொன்னாலும் ஒரு எழுத்து சிந்தாமல் அப்படியே செய்கிற ஊர் அது. ஒரு தடவை தபால்காரர், "வீட்டுல ஆள் இல்லேன்னா கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போயிருவேன்" என்று யாரிடமோ சொன்னார். அடுத்த வாரம் கடிதம் எதிர்பார்த்திருந்த அத்தனை பேரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊர் எல்லையில் போய் நின்றார்கள். ஆள் இருந்தால் தபால் வராதாம்.

அந்த ஊரின் கயிறு இழுக்கும் அணியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். மொத்தம் எட்டுப் பேர். கயிற்றின் கடைசியில் நிற்பவர் கொம்பையா அண்ணாச்சி. வயது நாற்பத்திரண்டு, எடை நூற்றுப் பத்து கிலோ. முதலில் நிற்பவன் பலவேசம், அணித்தலைவன். ஏழாம் வகுப்பை மூன்று வருஷம் படித்தவன், ஆகையால் ஊரிலேயே அதிகம் படித்தவன். நடுவில் இரண்டு பேர்: சொரிமுத்து எதையும் சந்தேகப்படுவான், ஆவுடை அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்து இன்னும் மோசமாக்குவான். மீதி நாலு பேர் ஆமாம் போடுகிறவர்கள். அவர்கள் பெயர் நமக்கு வேண்டாம். அவர்களும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

பதினோரு வருஷமாக, பொங்கலுக்கு மறுநாள் கரிநாள் அன்று, பக்கத்து ஊர் கரடிப்பாறையோடு போட்டி. பதினோரு வருஷமும் தோல்வி. பலம் இல்லாமல் இல்லை. நன்றாகத்தான் இழுப்பார்கள். ஜெயிக்க ஒரு சாண் பாக்கி இருக்கும்போது பலவேசம், "விட்டுப் பிடிங்கலே!" என்று கத்துவான். எட்டுப் பேரும் கயிற்றை விட்டுவிடுவார்கள். திரும்பப் பிடிக்கலாம் என்று பார்த்தால் கயிறு கரடிப்பாறைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

"எதையும் விட்டுப் பிடிக்கணும்னு பெரியவங்க சொல்லிருக்காங்க," என்பான் பலவேசம். "விடுதது நமக்கு நல்லா வருது. பிடிக்கதுதான் இன்னும் பழகணும்."

இந்தத் தோல்வியில் மற்ற ஏழு பேருக்கும் போனது மானம் மட்டும்தான். கொம்பையாவுக்குப் போனது நாட்டுக்கோழிக் குழம்பு.

அவர் பெண்டாட்டி பேச்சித்தாய் கரடிப்பாறைக்காரி, புத்தியுள்ள குடும்பம். கல்யாணம் முடிந்து மறுவீட்டுச் சாப்பாடு. மாமியார் மாடத்தியம்மாள் கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். மச்சினன் குத்தாலிங்கம், கரடிப்பாறை அணியின் கடைசி ஆள், பந்தியில் வைத்து மாப்பிள்ளையைச் சீண்டினான்: "அத்தான், சோத்தை இழுக்குத வேகத்துல கயித்தையும் இழுத்திருந்தா நேத்து நீங்கல்லா ஜெயிச்சிருப்பீங்க!"

கொம்பையாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முதல் கவளம் வாய்க்குப் போகும் முன்னே எழுந்தார். "உங்க ஊரை ஜெயிச்சிட்டுத்தாம்லே இந்த வீட்டுல கை நனைப்பேன்!" என்று சபதம் போட்டுவிட்டு வெளியே போனார். குழம்பின் வாசம் மூக்கில் இருந்தது. வாயில் ஒன்றும் இல்லை.

அன்றைக்கிலிருந்து சொன்ன சொல் தவறவில்லை. வருஷா வருஷம் கரிநாள் அன்று மாடத்தியம்மாள் நம்பிக்கையோடு ஒரு கோழியை அடிப்பார். கொம்பையா தோற்றுப்போய் வந்து, வாசலில் நின்று வாசம் மட்டும் பிடித்துவிட்டுத் திரும்புவார். ஒரு வருஷம் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு கைகளையும் கக்கத்தில் செருகிக்கொண்டு, உடம்பெல்லாம் நனைய, கை மட்டும் நனையாமல் நின்றார். மாடத்தியம்மாள் அழுதுவிட்டார்.

பன்னிரண்டாவது வருஷம் விடக்கூடாது என்று மூன்று வாரத்துக்கு முன்பே பயிற்சி தொடங்கியது. குளத்தங்கரைப் புளியமரத்தில் கயிற்றைக் கட்டி எட்டுப் பேரும் இழுத்தார்கள். மரம் வரவில்லை. எல்லாருக்கும் மனசு விட்டுப்போனது. பலவேசம் ஒரு கல்லின் மேல் ஏறி நின்று பேசினான்.

"சும்மா இழுத்தா எப்பிடிலே வரும்? வாழ்க்கையில முட்டி மோதித்தான் முன்னுக்கு வரணும்!"

கொம்பையா கொஞ்ச நேரம் யோசித்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பத்தடி பின்னால் போய், ஓடிவந்து, தன் வலது முட்டியைப் புளியமரத்தில் மோதினார்.

மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

"முன்னுக்கு வந்துட்டமா அண்ணாச்சி?" என்று ஆவுடை குனிந்து கேட்டான்.

"நம்ம வந்தமான்னு தெரியலலே. முட்டி வந்துருக்கு," என்றார் கொம்பையா. பார்த்தால் முட்டி நாலு விரற்கடை முன்னுக்கு வந்து, பூசணிக்காயாக நின்றது.

லோடு ஆட்டோவில் ஏற்றி டவுனுக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் சின்ன வயசுப் பையன், மரியாதை தெரிந்தவர். "வாங்கய்யா, உக்காருங்கய்யா" என்று முட்டியை அமுக்கிப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்:

"எலும்பு உடையலை, ஜவ்வு கொஞ்சம் இழுத்திருக்கு. ஒரு நீ கேப் வாங்கிப் போட்டுக்கிட்டு, மூணு வாரம் காலுக்கு வேலை குடுக்காம இருங்க. அளவுதான் முக்கியம். டேப்பை வச்சு முட்டியைச் சுத்தி அளந்துக்கிட்டு அப்புறம் கடைக்குப் போங்க. போட்டா இறுக்கமா இருக்கணும், ஆனா ஒரு விரல் உள்ள போகணும். தண்ணி படக்கூடாது, ஈரத்தோட போட்டா தோல் வெந்துரும். தூங்கும்போது மட்டும் கழட்டுங்க."

"கரிநாளுக்குக் கயிறு இழுக்கலாமா டாக்டர்?" என்றார் கொம்பையா. அவர் குரலில் பதினோரு கோழிகள் இருந்தன.

"மூணு வாரம் கழிச்சு வலியில்லாமச் சம்மணம் போட்டு உக்கார முடிஞ்சா இழுங்க. இல்லேன்னா ஓரமா நின்னு வேடிக்கை பாருங்க."

வெளியே வந்ததும் பலவேசம் வேப்பமரத்தடியில் எல்லாரையும் நிறுத்தினான். அவன் முகம் கறுத்திருந்தது.

"கவனிச்சியளாலே? டாக்டர் நம்ம அண்ணாச்சியை என்ன சொன்னாரு?"

"முட்டி வீங்கிருக்குன்னாரு."

"அது இல்லலே. 'நீ கேப்' போடணும்னாரு. நீ-யாம்! நாப்பத்திரெண்டு வயசு மனுசன்!"

எல்லாருக்கும் திக்கென்றது. நாலு பேரும் ஆமாம் போட்டார்கள்.

சொரிமுத்துவுக்குச் சந்தேகம். "வாங்கய்யா, உக்காருங்கய்யான்னு நல்லாத்தான பேசிக்கிட்டு இருந்தாரு? மருந்து சொல்லுதப்ப மட்டும் ஏன் மரியாதை கொறைஞ்சுது?"

"அது டாக்டர் குத்தம் இல்ல," என்று ஆவுடை தீர்த்துவைத்தான். "அந்தச் சாமானுக்குப் பேரே அப்பிடி. கடையில மூணு தினுசு இருக்கும். சின்னப் பயலுவளுக்கு நீ கேப். நம்மள மாதிரி ஆளுக்கு நீரு கேப். அண்ணாச்சி மாதிரி மூத்தவங்களுக்கு நீங்க கேப். டாக்டர் அவசரத்துல சின்னப் பயலுவ தினுசைச் சொல்லிட்டாரு."

கொம்பையா பெருந்தன்மையாகச் சொன்னார்: "போகுதுலே. எனக்கு நீரு கேப் போதும்."

"அதெல்லாம் முடியாது அண்ணாச்சி. உங்களுக்கு நீங்கதான்!"

முதலில் அளவு எடுக்க வேண்டும். ஊருக்கு வந்து, கொம்பையாவைக் களத்து நடுவில் காலை நீட்டி உட்காரவைத்து, தையல்காரரிடம் டேப்பை வாங்கி வந்தார்கள். முட்டியைச் சுற்றி அளக்க வேண்டும் என்பது டாக்டர் சொன்னது. ஆவுடை டேப்பைத் தரையில் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டே அண்ணாச்சியின் முட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். கோயிலில் சுற்றுகிற மாதிரியே பயபக்தியோடு சுற்றினான். பதினாலு அடி வந்தது. சரிபார்ப்பதற்காகச் சொரிமுத்து இன்னொரு சுற்று வந்தான். அவன் கொஞ்சம் தள்ளி நடந்ததால் பதினேழு.

"ஒரே முட்டிக்கு ரெண்டு அளவு வருதே?"

"வீக்கம் கூடுதுலே," என்றான் ஆவுடை. "சீக்கிரம் கடைக்குப் போவணும்."

கொம்பையாவை வீட்டில் விட்டுவிட்டு ஏழு பேரும் டவுன் மருந்துக்கடைக்கு ஓடினார்கள்.

"எங்க அண்ணாச்சிக்கு ஒரு நீங்க கேப் குடுங்க," என்றான் பலவேசம்.

கடைக்காரர் காதைக் குடைந்துகொண்டார். "என்ன கேப்?"

"நீங்க கேப்."

"நானா? நான் என்ன கேப்பேன்? நீங்கதான் கேக்கணும்."

"அதைத்தான கேக்கேன். நீங்க கேப் இல்லேன்னா நீரு கேப்பாவது குடும். நீ கேப் மட்டும் வேண்டாம். மரியாதைப்பட்ட குடும்பம்."

கடைக்காரர் முப்பது வருஷமாக மருந்து விற்கிறவர். ஆமாங்குளமா என்று கேட்டார். ஏழு பேரும் ஆமா என்றார்கள். அவர் பெருமூச்சு விட்டு, சுற்றளவு எவ்வளவு என்றார்.

"பதினாலு அடி. தள்ளி நடந்து அளந்தா பதினேழு."

"முட்டிக்கா வே கேக்கேரு, கெணத்துக்கா?" என்றவர், அளவுப் பேச்சை விட்டுவிட்டார். "சரி, ஆளு எப்பிடி? எஸ்ஸா, எம்மா, எல்லா?"

பலவேசம் நிமிர்ந்தான். டவுனில் யாராவது இங்கிலீஷில் கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது ஏழாம் வகுப்பு மூன்று வருஷம் படித்தவனுக்குத் தெரியாதா?

"எஸ்," என்றான்.

"எஸ்ஸுதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மாத்தித் தர முடியாது."

"எஸ், எஸ்!"

முட்டியில் மாட்டுகிற எலாஸ்டிக் உறைகளில் இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்துக் கடைக்காரர் டப்பாவில் போட்டார். பலவேசம் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மரியாதை எங்கேயும் தென்படவில்லை. கடைக்காரர் பேனாவை எடுத்து, டப்பா மேல் 'நீங்க கேப்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார். ஏழு பேரும் மகிழ்ச்சியாக ஊர் திரும்பினார்கள்.

கொம்பையா டப்பாவைப் படித்துக் கண்கலங்கினார். பிறகு உள்ளே இருந்ததை எடுத்துக் காலில் மாட்டினார்கள். அது பெருவிரலைத் தாண்டவில்லை. எட்டுப் பேரும் சேர்ந்து இழுத்தார்கள், கயிறு இழுத்த பழக்கத்தில் நன்றாகவே இழுத்தார்கள். குதிகாலோடு நின்றுவிட்டது.

"சின்னதா இருக்கோ?" என்றான் சொரிமுத்து.

"சாமான் சின்னது பெருசுங்கது பேச்சில்ல," என்றான் பலவேசம். "டாக்டர் என்ன சொன்னாரு? இறுக்கமா இருக்கணும், ஒரு விரல் உள்ள போகணும். எந்த எடத்துல போட்டா ஒரே ஒரு விரல் போகுதோ, அதுதாம்லே அதுக்கு எடம்."

இதில் ஒருவருக்கும் மறுப்பில்லை. இடம் தேடத் தொடங்கினார்கள். கேப் என்றால் தொப்பிதானே என்று ஆவுடை சொன்னதால் தலையில் இழுத்து மாட்டினார்கள். கண்வரைக்கும் இறங்கி நின்றது. விரல் போகவில்லை, அண்ணாச்சிக்கு உலகமும் தெரியவில்லை. ஒரு கையில் மாட்டினார்கள். அதில் ஐந்து விரலும் போய், சொரிமுத்துவின் மணிக்கட்டும் போனது. கடைசியில் இரண்டு கையையும் கும்பிடுகிற மாதிரி சேர்த்துவைத்து மாட்டினார்கள். மணிக்கட்டிலிருந்து உள்ளங்கைவரை கச்சிதமாக ஏறியது. பலவேசம் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை நுழைத்தான்.

ஒரு விரல் போனது. இரண்டாவது விரல் போகவில்லை.

வீடே அதிர விசில் அடித்தார்கள். சத்தம் கேட்டுப் பேச்சித்தாய் அடுப்படியிலிருந்து வந்தாள்.

"அட பாவியளா! கால்ல பட்ட அடிக்குக் கையிலயா மாட்டுவாங்க?"

"மைனி, அடி கால்லதான். நாங்க இல்லேங்கலையே," என்றான் பலவேசம் பொறுமையாக. "ஆனா அளவு கைக்குத்தான சரியா இருக்கு?"

"அளவுதான் முக்கியம்னு டாக்டரே சொல்லிட்டாரு பேச்சி," என்றார் கொம்பையா, கும்பிட்டபடி.

புத்தியுள்ள குடும்பத்தில் பிறந்தவள் இந்த ஊரில் பதினோரு வருஷம் குப்பை கொட்டினால் எப்போது பேசக்கூடாது என்று தெரிந்துவிடும். பேச்சித்தாய் அடுப்படிக்குத் திரும்பினாள். கை இரண்டும் கட்டுண்ட மனுஷனுக்கு அவள்தான் சோறு ஊட்ட வேண்டியிருந்தது.

கொம்பையா வாசலில் கட்டிலில் கைகூப்பியபடியே உட்கார்ந்திருந்தார். போகிற வருகிறவர்களெல்லாம் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நாலாம் நாள் அவர் தேர்தலில் நிற்கிறார் என்று பேச்சு வந்தது. ஐந்தாம் நாள் ஒருவர் வந்து தெருவிளக்கு எரியவில்லை என்று புகார் கொடுத்தார்.

தூக்கம்தான் பெரிய பாடு. முதல் நாள் மத்தியானம் அவர் படுத்ததும் பேச்சித்தாய் அதைக் கழற்றப் போனாள். காவலுக்கு இருந்த பலவேசம் பாய்ந்து தடுத்தான். "தூங்கும்போதுதான் கழட்டணும் மைனி. அவரு இன்னும் முழிச்சுக்கிட்டுல்லா இருக்காரு!" சரி, தூங்கட்டும் என்று காத்திருந்து, குறட்டை வந்ததும் கழற்றினார்கள். இழுத்த இழுப்பில் அவர் விழித்துக்கொண்டார். முழித்துவிட்டாரே என்று மறுபடி மாட்டினார்கள். மறுபடி தூங்கினார், மறுபடி கழற்றினார்கள். பதினாலு தடவை நடந்தது. பிறகு ஆவுடை ஒரு வழி கண்டுபிடித்தான்: ஏழு பேரும் கட்டிலைச் சுற்றி நின்று தாலாட்டுப் பாடினால் தூக்கம் கெட்டியாக வரும். வந்தது. ஏழு ஆம்பளைத் தொண்டையில் ஆராரோ கேட்டு மூன்று தெரு தள்ளியிருந்த மாடுகூடப் படுத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கையைக் கட்டிப்போட்டதால் கொம்பையாவால் ஒரு வேலையும் செய்ய முடியவில்லை. வயலுக்குப் போகவில்லை, மூட்டை தூக்கவில்லை. பேச்சித்தாய் தண்ணீர் எடுக்கக்கூட அனுப்பவில்லை. மூன்று வாரம் காலை நீட்டி உட்கார்ந்தே இருந்தார். முட்டி தன்பாட்டுக்கு வற்றி, பழையபடி ஆகிவிட்டது. கரிநாள் காலையில் சம்மணம் போட்டுப் பார்த்தார். வலியே இல்லை.

"பாத்தியளா, கையில போட்டாலும் காலுல கேக்குது," என்று பலவேசம் டப்பாவைக் கும்பிட்டான்.

போட்டி சாயங்காலம், கரடிப்பாறைத் திடலில். இப்போது ஒரு சிக்கல். கை இரண்டும் சேர்ந்திருக்கும்போது கயிற்றை எப்படிப் பிடிப்பது? நீங்க கேப்பைக் கழற்றக் கூடாது, மூன்று வாரம் முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. நீண்ட ஆலோசனை நடந்தது. மத்தியானமே திடலுக்குப் போய், அண்ணாச்சியை அங்கேயே தாலாட்டித் தூங்கவைத்தார்கள். கழற்றி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் கயிற்றை வைத்து, மேலே மறுபடி மாட்டி, பின்பக்கம் கயிற்றில் தேங்காய் அளவுக்கு ஒரு முடிச்சும் போட்டார்கள். அவர் எழுந்தபோது கயிறு கையோடு பிறந்தது மாதிரி இருந்தது.

எதிர்ப்பக்கம் குத்தாலிங்கம் தன் ஆட்களைக் கூட்டி வைத்துச் சொன்னான்: "கோட்டுக்கிட்ட வந்ததும் இவங்க 'விட்டுப் பிடி'ம்பாங்க. நாம இழுத்துக்கிட்டு நிப்போம், கயிறு சும்மா வரும், எல்லாரும் மல்லாக்க விழுவோம். போன வருஷம் ஜெயிச்சும் எனக்கு இடுப்பு போச்சுலே. இந்தத் தடவை அந்தச் சத்தம் கேட்டதும் இழுக்கதை நிறுத்திருங்க. கயிறு தானா நம்மகிட்ட வரும்." புத்தியுள்ள ஊர், புத்தியுள்ள யோசனை.

விசில் ஊதியது. இழுத்தார்கள். ஊரே கத்தியது. பேச்சித்தாய் பிறந்த ஊரா புகுந்த ஊரா என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திட்டிக்கொண்டு நின்றாள். கயிற்றின் நடுவே கட்டியிருந்த சிவப்புத் துணி மெல்ல மெல்ல ஆமாங்குளத்துப் பக்கம் நகர்ந்தது. ஒரு முழம், அப்புறம் ஒரு சாண். மாடத்தியம்மாள் வீட்டிலிருந்து காற்றில் குழம்பு வாசம் வேறு வந்தது.

"விட்டுப் பிடிங்கலே!" என்று பலவேசம் கத்தினான்.

ஏழு பேரும் விட்டார்கள். கரடிப்பாறை எட்டுப் பேரும் இழுப்பதை நிறுத்தினார்கள். கொம்பையாவும் விட்டார், விட்டதாகத்தான் நினைத்தார். பதினோரு வருஷப் பழக்கத்தில் விட்ட கையோடு பின்னால் நாலு எட்டு வைத்தார். திடலுக்குப் பின்னால் காய்ந்த வாய்க்கால். நூற்றுப் பத்து கிலோ அதில் உருண்டது. கயிறும் கூடவே உருண்டது. கயிற்றைப் பிடித்தபடி சும்மா நின்றிருந்த கரடிப்பாறைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கோட்டைத் தாண்டி வந்து வாய்க்காலில் இறங்கினார்கள். குத்தாலிங்கம் கடைசியாக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினான்.

திடலில் ஏழு பேர் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

"பிடிக்கணும்லா, கயிறு எங்கலே?"

"நம்ம பக்கம்லா கெடக்கு."

"நம்ம பக்கமா? வழக்கமா அங்கிட்டுத்தான போகும்?" என்றான் சொரிமுத்து. "என்னமோ தப்பு நடந்துபோச்சு."

நடுவர் ஓடிவந்து ஆமாங்குளம் ஜெயித்தது என்று சொன்னதும்தான் அவர்களுக்குப் புரிந்தது. புரிந்ததும் அழுதார்கள். கொம்பையா வாய்க்காலுக்குள் கிடந்தபடியே ஆகாயத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கும்பிடாமல் இருக்க அவரால் முடியாது என்பது வேறு விஷயம்.

மாமியார் வீட்டுக்கு ஊர்வலமாகப் போனார்கள். கொம்பையா முன்னால், கையில் கயிறோடு. மீதிக் கயிற்றை மண் படாமல் ஏழு பேரும் பின்னால் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாடத்தியம்மாள் ஆரத்தி எடுத்தார். கூடத்தில் தலைவாழை இலை விரித்துக் கிடந்தது. சட்டியில் கோழிக் குழம்பு தளதளவென்று இருந்தது. பதினோரு வருஷத்து ஆசை அத்தனையும் அந்தக் கிழவி முகத்தில் தெரிந்தது.

"வாங்க மாப்பிள்ளை, கையைக் கழுவுங்க."

கொம்பையா பதறினார். "என்ன அத்தை இப்பிடிச் சொல்லுதீங்க? கைகழுவதுக்கா உங்க மகளைக் கட்டினேன்? அவளை நான் எந்தக் காலத்துலயும் கைகழுவ மாட்டேன்."

"சரி, நனைங்க மாப்பிள்ளை!"

"அது சரி," என்று கையை நீட்டியவரைப் பலவேசம் தடுத்தான். "அண்ணாச்சி, தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு!"

கையை நனைக்க வேண்டும். கையில் இருப்பதை நனைக்கக் கூடாது. கழற்றலாம் என்றால் அவர் விழித்திருக்கிறார்.

"நான் ஊட்டி விட்டுருதேன் மாப்பிள்ளை," என்றார் மாடத்தியம்மாள்.

"அப்பம் கை நனையாதே அத்தை. பதினோரு வருசச் சபதம் என்ன ஆகுதது?"

வழி ஒன்றுதான் இருந்தது. இலைக்குப் பக்கத்தில் பாய் விரித்தார்கள். ஏழு பேரும் சுற்றி நின்று ஆராரோ பாடினார்கள். ஜெயித்த களைப்பு, கொம்பையா மூன்றாம் ஆராரோவில் குறட்டை விட்டார். மெதுவாகக் கழற்றி, கயிற்றையும் எடுத்து, வாளித் தண்ணீரில் அவர் இரண்டு கையையும் முங்க முங்க நனைத்தார்கள். அண்ணாச்சிக்காக இத்தனை வருஷம் காத்திருந்த ஏழு பேரும், மரியாதைக்குத் தங்கள் கையையும் ஒரு தரம் நனைத்துக்கொண்டார்கள். பிறகு ஈரத்தைத் துடைத்து, ஊதி ஊதிக் காயவைத்து, பழையபடி மாட்டிவிட்டு அவரை எழுப்பினார்கள்.

"நனைச்சாச்சாலே?"

"முழங்கை வரைக்கும் நனைச்சாச்சு அண்ணாச்சி!"

கொம்பையாவின் கண்ணில் நீர் முட்டியது. எழுந்து நின்றார். "அப்பம் நாங்க வாரோம் அத்தை. மனசு நெறைஞ்சுபோச்சு."

"மாப்பிள்ளை!" என்று மாடத்தியம்மாள் அலறினார். "இலையில உக்காராமப் போனா எப்பிடி?"

எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கை நனைப்பேன்னுதான சொன்னேன்?" என்றார் கொம்பையா. "இலையில உக்காருவேன்னு சொல்லலையே."

"சொல்லலை," என்றான் பலவேசம். நாலு பேரும் ஆமாம் போட்டார்கள்.

மாடத்தியம்மாள் சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். பேச்சித்தாய் சுவரில் சாய்ந்து, முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கொம்பையாவுக்கு மனசு தாங்கவில்லை. நல்ல மனுஷன். நெஞ்சை நிமிர்த்தினார்.

"அழாதீங்க அத்தை. அடுத்த வருசமும் உங்க ஊரை ஜெயிக்கேன். ஜெயிச்சிட்டு வந்து, இதே வீட்டுல இலையில உக்காருதேன். இது சத்தியம்!"

"அண்ணாச்சி, ஒரு நிமிசம்," என்றான் சொரிமுத்து சந்தேகமாக. "நீங்க உக்காருத அளவுக்கு இலை இருக்குமா?"

எல்லாரும் விரித்துக் கிடந்த தலைவாழை இலையைப் பார்த்தார்கள். பிறகு அண்ணாச்சியைப் பின்பக்கமாகப் பார்த்தார்கள். நியாயமான சந்தேகம்.

"இப்பமே அளவு பாத்து வச்சிருவோம்," என்றான் பலவேசம். "அளவுதான் முக்கியம்."

கொம்பையா இலையின் மேல் மெதுவாக இறங்கி உட்கார்ந்தார். பலவேசம் தரையோடு தரையாகப் படுத்து, அவருக்கும் இலைக்கும் நடுவில் கையை நீட்டினான்.

"என்னலே, ஒரு விரல் உள்ள போகுதா?"

"போயிருச்சு அண்ணாச்சி," என்றான் பலவேசம் முனகலாக. "வெளியதான் வர மாட்டேங்கு."

"அப்பம் சரியான அளவு," என்று சொல்லி, கொம்பையா நன்றாகச் சம்மணம் போட்டுக்கொண்டார்.